கடைசியாக எப்போது வந்தது என்று யாராவது கேட்டார்களா?



நாற்பத்தைந்து வயதைத் தொட்ட பெண்கள் பலரிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். பீரோவில் ரேஷன் கார்டுக்கும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டுக்கும் பக்கத்தில் அதை வைத்திருப்பார்கள். உள்ளே படபடப்பு வந்தபோது எடுத்த ஈசிஜி, முட்டி வலிக்கு எடுத்த எக்ஸ்ரே, முடி கொட்டியதற்குத் தோல் டாக்டர் எழுதிய சீட்டு, தூக்கம் வராததற்கு ஒரு மாத்திரை, காலையில் எழுந்ததுமே அடிக்கும் அசதிக்கு ஒரு டானிக் எல்லாம் இருக்கும். ஈசிஜி நார்மல். தைராய்டு நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று கடைசியாகப் பார்த்த டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பார். வீட்டுக்கு வந்தால் கணவரும் அதையேதான் சொல்வார்.

அந்த ஃபைலில் உள்ள காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள். கடைசியாக மாதவிடாய் வந்த தேதி ஒன்றில்கூட இருக்காது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாதவிடாய் நிற்கும் காலம் பற்றி எங்களுக்கு வரும் கடிதங்களில் அறிகுறிகளைப் பற்றிய சந்தேகம் குறைவு. நெஞ்சில் கிளம்பி முகம் வரைக்கும் திகுதிகுவென்று ஏறும் சூடு, நடுராத்திரியில் நைட்டி நனைந்து விழித்துக்கொள்வது, காரணமே இல்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, எதை எடுக்க உள்ளே வந்தோம் என்பதே மறந்து நிற்பது, இவையெல்லாம் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. அவர்கள் கேட்பது வேறு. இதற்கு யாரிடம் போவது? நெஞ்சு வலி என்றால் ஒரு டாக்டர் இருக்கிறார், எலும்புக்கு ஒருவர் இருக்கிறார், பிரசவத்துக்கு ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எனக்கு யார்?

இந்த இதழின் சிறப்புப் பகுதி அந்தக் கேள்விக்காக. உட்கார வைத்து, நேரம் எடுத்து, முழுக் கதையையும் கேட்கிற ஒரு மருத்துவர் இந்த வயதில் ஒவ்வொரு பெண்ணுக்கும் வேண்டும். அதைக் கூச்சமில்லாமல் நாம் கேட்டு வாங்க வேண்டும். இந்த மாதம் நான் சொல்ல வந்தது இதுதான்.

எஸ்ட்ரோஜன் என்றாலே கர்ப்பப்பை, மாதவிடாய், பிள்ளைப்பேறு என்று நினைத்துப் பழகிவிட்டோம். அந்த ஹார்மோனுக்கு உடம்பு முழுக்க வேலை இருக்கிறது. எலும்பு கரையும் வேகத்தை அது தடுத்து வைத்திருக்கிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவர், தோல், சிறுநீர்ப்பை, மூட்டு, மூளை என்று அதை எதிர்பார்த்து இயங்கும் இடங்கள் ஏராளம். நாற்பதுகளில் சினைப்பை தளரத் தொடங்கும்போது எஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் எக்கச்சக்கமாக ஏறும், அடுத்த மாதம் சரியும். நாள் தள்ளிப்போவதும், வந்தால் கொட்டித் தீர்ப்பதும் இந்தக் காலத்தில்தான். படபடப்பு, முட்டி வலி, தூக்கமின்மை, மறதி, அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு என்று தனித்தனியாகத் தோன்றும் தொல்லைகளுக்கு ஒரே வேர் இருக்கக்கூடும். தனித்தனி டாக்டர்களிடம் போனால் அந்த வேர் யார் கண்ணிலும் படுவதில்லை.

உடம்பு திடீரென்று கொதிப்பதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடம்புச் சூட்டை நிலையாக வைத்திருக்கிறது. எஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள ஒருவகை நரம்புச் செல்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. உடம்பின் சூடு இம்மி அளவு ஏறினாலும் பெரிய ஆபத்து வந்ததுபோல மூளை உத்தரவு போடுகிறது. தோலுக்கு ரத்தம் பாய்கிறது, வியர்வை கொட்டுகிறது, பிறகு குளிர் எடுக்கிறது. இந்த நரம்புச் செல்களின் தூண்டலையே குறிவைத்து ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரை வந்திருக்கிறது. ஹார்மோன் கலக்காத அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2023 மே மாதம் அனுமதி கிடைத்தது. கல்லீரலைச் சோதித்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மருந்து அது, எல்லோருக்கும் ஏற்றதும் இல்லை. ஆனாலும் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொன்னவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் நின்றுவிட்டது என்று மருத்துவம் கணக்கு வைக்கிறது. மேலை நாடுகளில் அது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47-லேயே வந்துவிடுகிறது. அதற்கு நாலைந்து ஆண்டுகள் முன்பே தொல்லைகள் தொடங்கலாம். சூடு கிளம்புவதும் வியர்ப்பதும் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கின்றன என்று அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. பெரிய பெண் பிளஸ் டூ எழுதுவாள், மாமியார் படுக்கையில் இருப்பார், அலுவலகத்தில் பொறுப்பு கூடியிருக்கும். அந்த ஏழு ஆண்டும் நம் வீடுகளில் இப்படித்தான் வந்து சேர்கின்றன. 46-ல் மாதவிடாய் நின்று 75 வரை வாழ்கிற பெண் தன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஸ்ட்ரோஜன் மிகக் குறைந்த நிலையில் கழிக்கிறாள்.

நம் அரசு மருத்துவத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் இன்று தமிழ்நாட்டில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது. 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கர்ப்பிணிக்குப் போய்ச் சேர்கிறது. கருவுற்ற உடனே பதிவு செய்து பிக்மி எண் கொடுக்கிறார்கள். கிராமச் செவிலியர் வீடு தேடி வருகிறார். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி குறித்துத் தருகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்திருக்கின்றன. உலகமே பாராட்டும் சாதனை இது. இதைச் செய்துகாட்டிய மாநிலத்திடம் மேலும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை முடிந்ததும் அந்தப் பெண் மருத்துவத்தின் பார்வையிலிருந்து விலகிவிடுகிறாள். அதே தேசியக் கணக்கெடுப்பு பெண்களிடம் நீண்ட பேட்டி எடுப்பது 15 முதல் 49 வயதுவரை மட்டுந்தான். ஐம்பது வயதுப் பெண்ணின் சூடும் வியர்வையும், எலும்பும் தூக்கமும் அந்தக் கேள்வித்தாளில் இல்லை. கணக்கில் வராதவளுக்குத் திட்டம் எங்கிருந்து வரும்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வாசலுக்கே வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாதாமாதம் மாத்திரை தருகிறார்கள். அப்படி அவர்கள் சந்திக்கும் பெண்களில் எத்தனையோ பேர் சரியாக இந்த வயதில் இருப்பவர்கள். "கடைசியாக எப்போம்மா வந்துச்சு? ராத்திரி தூங்குறீங்களா?" என்று கூடுதலாக இரண்டு கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும்.

சரி, யாரிடம் போவது?

முதலில் போக வேண்டியது மகளிர் நல மருத்துவரிடம்தான். நாம் லேடி டாக்டர் என்றும் கைனக் டாக்டர் என்றும் சொல்கிறவரிடம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் தனி ஈடுபாடும் பயிற்சியும் உள்ளவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். 1995-ல் தொடங்கிய இந்திய மெனோபாஸ் சங்கம் அவர்களை ஒன்று சேர்த்துச் சிகிச்சை நெறிமுறைகளும் வெளியிட்டிருக்கிறது. தைராய்டு, சர்க்கரை, பிசிஓஎஸ், இளவயதிலேயே மாதவிடாய் நிற்பது போன்றவை கலந்திருந்தால் எண்டோகிரைனாலஜிஸ்ட் என்னும் ஹார்மோன் நிபுணரும் தேவைப்படுவார். ஆனால் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். வாசல்வரை கர்ப்பிணிகள் நிற்கிறார்கள். உள்ளே இருக்கும் டாக்டருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. "டாக்டர், எனக்கு அந்த இடத்தில் வறண்டு எரியுது, வீட்டுக்காரர் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு" என்ற பேச்சை அந்த மூன்று நிமிடத்தில், திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸும் அடுத்த நோயாளியும் நிற்கும்போது எப்படித் தொடங்குவாள் ஒரு பெண்? சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

நல்ல ஆலோசனை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் கிடைக்காதபோது கேட்க முடியும். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்த மருத்துவர் முதலில் கதை கேட்பார். கடைசி மாதவிடாய் எப்போது, அதற்கு முன் எப்படி வந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று தொடங்கும். அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் உண்டா, யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்ததா, உங்களுக்கு எப்போதாவது காலில் ரத்தம் கட்டியதா, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் கோளாறு இருந்ததா என்று கேட்பார். தூக்கம், மனச்சோர்வு, சிறுநீர் அடக்க முடியாமை, தாம்பத்தியம் ஆகியவற்றை நீங்கள் வாய் திறக்கும் முன் அவரே எடுப்பார். ரத்தக் கொதிப்பு பார்ப்பார், எடை பார்ப்பார், மார்பகத்தைச் சோதிப்பார். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ரத்தசோகை பார்க்கச் சொல்வார், ஏனென்றால் தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் பாதி அறிகுறிகள் இதேபோல்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 45 வயதுக்கு மேற்பட்ட, வழக்கமான அறிகுறிகள் உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கிறதா என்று கண்டுபிடிக்க விலை கூடிய ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகள் பொதுவாகத் தேவையில்லை. இந்த வயதில் அந்த அளவுகள் வாரத்துக்கு வாரம் மாறும். வாய்வார்த்தையும் தேதியும் போதும். பேக்கேஜ் என்ற பெயரில் பெரிய பட்டியலை நீட்டினால் எதற்கு என்று கேளுங்கள். 40 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் கதையே வேறு. அப்போது பரிசோதனை கட்டாயம். அதைச் சினைப்பை முன்கூட்டியே செயலிழப்பது என்கிறார்கள். அந்தப் பெண்களின் எலும்பும் இதயமும் பல ஆண்டுகள் பாதுகாப்பில்லாமல் போகின்றன. அதனால் இயல்பாக நிற்கும் வயதுவரை, அதாவது ஏறக்குறைய 50 வரை, ஹார்மோன் கொடுக்கத் தடை ஏதும் இல்லையென்றால் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். "சின்ன வயசுலயே நின்னுடுச்சு, நல்லதுதானே, தொல்லை விட்டது" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ஹார்மோன் சிகிச்சை என்றதும் அடுத்த வார்த்தையாகப் புற்றுநோய் வந்துவிடுகிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1942-ல் அமெரிக்காவில் பிரெமரின் என்ற எஸ்ட்ரோஜன் மாத்திரை வந்தது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜன் அது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர் எழுதிய புத்தகம், மாதவிடாய் நின்ற பெண்ணைக் குறைபட்டவளாகக் காட்டி, இளமை மாறாமல் இருக்க ஹார்மோன் சாப்பிடச் சொன்னது. விற்பனை எகிறியது. 1975-ல், தனி எஸ்ட்ரோஜன் சாப்பிடுகிறவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டின. கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு எஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரான் வகை மருந்தும் சேர்த்தால் உட்சுவரைக் காப்பாற்றலாம் என்று பிறகு தெரிந்தது. கர்ப்பப்பை எடுத்துவிட்டவருக்கு எஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இன்றும் இதுதான் விதி.

பெரிய அடி விழுந்தது 2002 ஜூலையில். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த, இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். அந்த 26 விழுக்காட்டைப் பிரித்துப் பார்த்தால்: 10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால், மாத்திரை சாப்பிடாதவர்களில் 30 பேருக்கும் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்த எட்டுப் பேரை நான் சிறிதாக எண்ணவில்லை. பக்கவாதமும் நுரையீரலில் ரத்தம் கட்டுவதும் ஏறக்குறைய அதே அளவில் கூடின. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன. தலைப்புச் செய்தியில் வராத முக்கியமான விவரம் ஒன்று உண்டு. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. சூடு கிளம்பித் தவிக்கும் 48 வயதுப் பெண்ணின் கேள்விக்கு அதிலிருந்து நேரடியாகப் பதில் எடுக்க முடியாது. கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு எஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. 18 ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்து 2017-ல் வெளியிட்டபோது, ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் மொத்த இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

இன்று நிபுணர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும் நிலை இது. அறிகுறிகள் வாட்டுகின்றன, வயது 60-க்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள், வேறு தடை இல்லை என்றால் நன்மை ஆபத்தைவிட அதிகம். மாத்திரையாக விழுங்கும் எஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் கட்டும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தோலில் பூசும் ஜெல்லிலும் ஒட்டும் பேட்ச்சிலும் அந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் உறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ ரத்தக் கட்டோ கண்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் பொதுவாக இந்தச் சிகிச்சைக்கு ஏற்றவர்கள் அல்லர். அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகளும், பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கின்றன. ஆகவே அக்காவுக்கு எழுதிய சீட்டைக் காட்டித் தங்கை மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல இது. பத்தே நிமிடத்தில் பயந்து மறுத்துவிடும் பொருளும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிபுணர் வேண்டும் என்பதே என் வாதம்.

பிறப்புறுப்பின் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் தாம்பத்திய வலிக்கும் உள்ளே தடவும் குறைந்த அளவு எஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும் இதில் குறைகிறது. இவ்வளவு எளிய மருந்து இருக்கும்போது, சொல்ல வெட்கப்பட்டு எத்தனை பெண்கள் ஆண்டுக்கணக்கில் வலி பொறுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. சூடு கிளம்புவது காலப்போக்கில் தணியும். இந்த வறட்சி தானாகச் சரியாகாது, வயது ஏற ஏற அதிகமாகும். சொல்லுங்கள், தோழிகளே. உங்கள் டாக்டர் இதைத் தினமும் கேட்கிறவர்.

கர்ப்பப்பையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"பிள்ளை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு? எடுத்துப் போட்டுட்டா நிம்மதி." இந்த வாசகத்தைக் கேட்காத தமிழ்ப் பெண் இருக்க முடியாது. சில சமயம் அதை மாமியார் சொல்கிறார், சில சமயம் டாக்டரே சொல்கிறார். 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலானவர்கள் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் ஆயிரக்கணக்கில், அதுவும் இளம் வயதிலேயே, கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. வேலைக்கு ஒரு நாள் வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டிய பெண்கள் அவர்கள். தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

புற்றுநோய், தாங்க முடியாத பெரிய கட்டி, வேறு எதற்கும் அடங்காத ரத்தப்போக்கு என்று வரும்போது அறுவை உயிர் காக்கும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாற்பதுகளில் வரும் பெரும்பாட்டில் நிறைய, ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது. ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், சிறிது சிறிதாக ஹார்மோன் சுரக்கும் சாதனம் ஒன்றை ஒருமுறை வைத்தால் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்யும். கத்தி படாமலே பலருக்குப் போக்கு நின்றுவிடுகிறது. வெள்ளைப்படுதல் கர்ப்பப்பையை எடுக்கக் காரணமே ஆகாது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் 38 வயதிலும் அன்றைக்கே மெனோபாஸ். படிப்படியாக வர வேண்டிய மாற்றம் ஒரே இரவில் வந்து அடிக்கும். கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: எடுக்காமல் சரிசெய்ய வழி பார்த்தாயிற்றா, சினைப்பையை விட்டுவைப்பீர்களா, எடுத்தால் அதன் பிறகு என் எலும்புக்கும் இதயத்துக்கும் என்ன செய்யப் போகிறீர்கள்? அவசரம் இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இங்கே பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. நம் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான் பணம் தருகின்றன. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசும் ஆலோசனைக்குத் தருவதில்லை. ஆக, கர்ப்பப்பையை எடுக்கக் காப்பீடு உண்டு, எடுக்காமல் காப்பாற்ற இல்லை. ஏழைப் பெண்ணை இது எந்தப் பக்கம் தள்ளும் என்று விளக்கத் தேவையில்லை.

இன்னும் சில விஷயங்கள், சுருக்கமாக. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். "திரும்பவும் வந்துவிட்டது" என்று சந்தோஷப்படவோ சும்மா இருக்கவோ கூடாது. பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும், ஆனாலும் கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தே ஆக வேண்டும். நாள் தள்ளிப் போகும் காலத்திலும் கரு தங்கும், கவனமாக இருங்கள். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு நம் வீட்டிலேயே இருக்கின்றன. பெரியவளானபோது உளுத்தங்களி கிண்டித் தந்த வீடு, பிள்ளை பெற்றபோது பத்தியம் சமைத்த வீடு, இந்த வயதிலும் அவளுக்கென்று ஒரு டம்ளர் பால் எடுத்து வைக்கட்டும். தினம் அரை மணி வேக நடை, வாரத்தில் இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. சித்த மருந்து சாப்பிடுவதானால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமே போங்கள், இரண்டு டாக்டர்களிடமும் மற்றவர் தந்ததைச் சொல்லுங்கள். செல்போனில் வரும் "ஹார்மோனைச் சமன்செய்யும்" பொடிகளை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம்.

மனம் சோர்ந்து, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். இந்த மாற்றக் காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனைவியோ அம்மாவோ அக்காவோ "உடம்பு எரியுது" என்று சொன்னால் ஃபேனைக் கூட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். கூடவே டாக்டரிடம் போங்கள். பெண்கள் வேலை பார்க்கும் இடத்தை நடத்துகிறவராக இருந்தால் சுத்தமான கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், காற்று வரும் இருக்கை, கேட்டால் கிடைக்கும் அரை நாள் விடுப்பு ஆகியவற்றை உறுதிசெய்யுங்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இவை எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்கு வரும் கடிதங்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டுக் கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அது நடக்கிறதா என்று பாருங்கள்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டே இரண்டு. தாலுகா மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு பிற்பகலை நாற்பது வயது தாண்டிய பெண்களுக்காக ஒதுக்குங்கள். கர்ப்பிணிகள் கூட்டம் இல்லாத நேரத்தில், கதவு மூடிய ஓர் அறையில். மக்களைத் தேடி மருத்துவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியையும் கேட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். புதிய கட்டடமோ விலை உயர்ந்த இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் அவருடைய நேரமும் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இன்றிரவே அந்த ஃபைலை எடுத்து முதல் பக்கத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியை எழுதுங்கள். நினைவில்லை என்றால் இந்த மாதத்திலிருந்து காலண்டரில் குறிக்கத் தொடங்குங்கள். எந்த டாக்டரிடம், எந்த வலிக்குப் போனாலும் அவர் கேட்கிறாரோ இல்லையோ நீங்களே சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார், எவ்வளவு நேரம் கேட்டார், உங்கள் ஊரில் இந்த வயதுப் பெண்களுக்கு நேரம் ஒதுக்கிப் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று எங்களுக்கு எழுதுங்கள். கடிதங்களைத் தொகுத்துச் சுகாதாரத் துறையிடம் கொடுக்கப் போகிறோம். உங்கள் பெயரும் ஊரும் வெளியே வராது. அதற்கு நான் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்